அடிக்க அடிக்கத் தகரம் பெரிதாகும்: அப்பாவின் பத்மினியில் நான் கற்றது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கடந்தபோது, கொல்லையில் இருந்த தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்தன. அதில் ஒன்று கார் கொட்டகையின் மேல் விழுந்தது. உள்ளே நின்றது அப்பாவின் பிரீமியர் பத்மினி, 1987 மாடல். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, காலேஜில் என்னைச் சேர்ப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் போன வண்டி. மரத்தை அறுத்து அப்புறப்படுத்திப் பார்த்தால் இடது முன் மட்கார்டு உள்ளங்கை ஆழத்துக்கு நசுங்கி, பானெட்டின் ஓரம் மடிந்திருந்தது. அந்த நேரத்தில் காரைப் பற்றி யோசிக்க முடியவில்லை. மூன்று வாரம் கரண்டே இல்லை. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டோம். மூடி வைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. தார்ப்பாய்க்குள் ஈரம் அப்படியே தங்கியது. இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது, நசுங்கிய இடத்தைவிட நசுங்காத இடங்களில் துரு அதிகமாக இருந்தது. பழைய வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் மேலே கூரை போடுங்கள், வண்டியோடு ஒட்டிய மாதிரி எதையும் போர்த்தாதீர்கள்.

2021இல் பக்கத்து டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். நான்கு மாதம் வைத்திருந்து, 26,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். அப்பா ஒரு வாரம் தினமும் துடைத்தார். ஐப்பசி மழை முடிவதற்குள் மட்கார்டின் அடியில் பெயிண்ட் கொப்பளித்தது. விரலால் அழுத்தினேன், ஒரு அப்பளம் அளவுக்குப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுக்கப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை. அரை அங்குல கனம். பட்டிக்குப் பின்னால் துருப்பிடித்த தகரம் ஜல்லடையாக நின்றது. கேட்கப் போனால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறைக்க முடியாது. உங்களுக்கு இது நேராமல் இருக்க ஒன்று செய்யுங்கள்: வேலை முடிந்து பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள், கையில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் நழுவி விழும். அந்தக் காந்தம் என் கையில் இருந்திருந்தால் 26,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அப்புறம்தான் நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். எனக்கு உரக்கடை. ராத்திரி எட்டு மணிக்குக் கடை அடைத்த பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் எனக்கு. கூடவந்து சொல்லித்தர, டிங்கர் வேலை (வண்டித் தகரத்தை அடித்துச் சரிசெய்வது) தெரிந்த ஆள் யாரும் இல்லை. சில வீடியோக்களைப் பார்த்தேன். அதில் வருகிற பெரிய பெரிய சக்கர மெஷின்களைப் பார்த்து, இதெல்லாம் இல்லாமல் முடியாதோ என்று பயந்து ஒரு மாதம் போனது. உண்மையில் எனக்கு இதுவரை தேவைப்பட்டவை இவ்வளவுதான்: ஒரு தகரக் கத்தரி, முகம் வழுவழுப்பாக இருக்கிற ஒரு டிங்கர் சுத்தியல், இரண்டு டாலி (தகரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிற இரும்புக் கட்டி), ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ஒரு மணல் பை, ஒரு மரக்கட்டை, நாலு அங்குல கிரைண்டர், வெல்டிங் மெஷின். சுத்தியலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நான் முதலில் வீட்டில் ஆணி அடிக்கிற சுத்தியலை எடுத்தேன். அதன் விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் தகரத்தில் ஒரு பிறை வடிவ வெட்டுப் போட்டது. அந்தப் பிறைகளை எடுக்கவே ஒரு வாரம் ஆனது. சுத்தியலின் முகத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்து, விளிம்பை உருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அது எல்லா அடியிலும் தகரத்தில் பதியும்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமான விஷயம். துருப்பிடிக்காத தகரம் போட்டால் நல்லதுதானே என்று நினைத்து ஜி.ஐ. ஷீட் ஒன்று வாங்கினேன். 20 கேஜ், எட்டுக்கு நாலு, 1,900 ரூபாய். கார்த்திகை மாதம், வெளியே மழை. சாரல் உள்ளே வராமல் இருக்கக் கொட்டகையின் ஷட்டரை இறக்கிவிட்டு வெல்டிங் வைத்தேன். வெள்ளையாகப் புகை வந்தது. பஞ்சு மாதிரி வெள்ளைத் துகள்கள் கையுறையில் படிந்தன. வாயில் ஒரு மாதிரி தித்திப்பும் கைப்பும் கலந்த உலோக ருசி. ஒன்றரை மணி நேரம் அந்தப் புகைக்குள் இருந்திருக்கிறேன். சாப்பிட்டுப் படுத்த பிறகு பதினோரு மணிக்குக் குளிர ஆரம்பித்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. உடம்பெல்லாம் வலி, நெஞ்சில் இறுக்கம், காய்ச்சல் 102. மழைக்காலம் என்பதால் வீட்டில் டெங்கு என்று பயந்துவிட்டார்கள். விடியற்காலையில் ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ் என்று 3,400 ரூபாய். இரவுப் பணியில் இருந்த டாக்டர்தான், "நேத்து என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. துத்தநாகப் புகையால் வருகிற காய்ச்சல். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் தானாகவே இறங்கிவிட்டது.

ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே துத்தநாகம் ஆவியாகிவிடும், அதுதான் அந்த வெள்ளைப் புகை. பால் குடித்துவிட்டு வெல்டிங் வைத்தால் ஒன்றும் செய்யாது என்று வெல்டிங் பட்டறைகளில் சொல்வார்கள். நானும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மூச்சில் போகிற புகைக்கும் வயிற்றில் இருக்கிற பாலுக்கும் சம்பந்தம் இல்லை. உடம்பு வேலைக்கு ஜி.ஐ. வேண்டாம். கடையில் சி.ஆர். ஷீட் (துத்தநாகப் பூச்சு இல்லாத இரும்புத் தகடு) என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு, சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று இருக்கும். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2. மட்கார்டு, கதவு மாதிரி வெளித் தகடுகளுக்கு 20 போதும். மழை பெய்தாலும் ஷட்டரை இறக்காதீர்கள், புகை முகத்துக்கு வராத பக்கமாக உட்காருங்கள். வெல்டிங் வைத்த ராத்திரி காய்ச்சல் வந்தால், என்ன வேலை செய்தீர்கள் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்கினால் வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டாம்.

வெல்டிங் மெஷினிலும் பணம் போனது. மலிவாக இருக்கிறதே என்று 6,800 ரூபாய்க்கு, குச்சி வைத்து ஒட்டுகிற ஆர்க் மெஷின் வாங்கினேன். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது நல்ல மெஷின்தான். 0.9 மில்லிமீட்டர் தகரத்தில் குச்சியை வைத்ததும் ஓட்டை. ஓட்டையை அடைக்கப் போனால் இன்னும் பெரிய ஓட்டை. எங்கள் பக்கம் சாயங்காலம் எல்லோர் வீட்டிலும் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி ஏறும், அதற்கேற்ப மெஷினும் ஆடும். கடைசியில் 21,000 ரூபாய் போட்டு சி.ஓ.டூ வெல்டிங் மெஷின் (குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பியும் கரியமில வாயுவும் வருகிற மெஷின்) வாங்க வேண்டியதாயிற்று. அதில் 0.8 மில்லிமீட்டர் கம்பியில் மெல்லிய தகரம் நன்றாக ஒட்டுகிறது. முதலிலேயே அதை வாங்கியிருக்கலாம், இல்லையென்றால் தகரத்தை வடிவமாக்கிக்கொண்டு, ஒட்டுவதற்கு மட்டும் வெளியே ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டாவது வழி தொடக்கத்தில் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வித்தையைக் கற்கப் போய் இரண்டிலும் திணறினேன்.

தகரத்தை அடிப்பதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மட்கார்டின் அடிப்பாகத்தில் சக்கரத்துக்கு மேலே வளைகிற இடம், சுமார் ஒன்றரை அடி நீளம், துருவில் போய்விட்டது. அதை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் துண்டு செய்ய வேண்டும். ஒரு துண்டை வெட்டி, வளைத்து, காரில் வைத்துப் பார்த்தேன். நடுவில் எழும்பி நின்றது. எழும்பியதை அடித்து உட்கார வைத்தேன். பக்கத்தில் எழும்பியது. அதையும் அடித்தேன். இப்படியே நான்கு ராத்திரி. கடைசியில் அது தட்டிய இடமெல்லாம் பழைய எண்ணெய் டின் மாதிரி டப் டப் என்று உள்ளேயும் வெளியேயும் குதிக்கும் ஒரு தகடாக ஆகிவிட்டது. இரண்டு ஷீட் இப்படிப் பாழானது, 3,600 ரூபாய். கை வீங்கிப் போய்க் கடையில் பில் எழுத முடியவில்லை. இது எனக்கு வராது என்று நினைத்து மூன்று மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் வழி பிறந்தது. டெல்டாவில் உலோக வேலை என்றால் எல்லோருக்கும் சுவாமிமலைச் சிலையும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் நினைவுக்கு வரும். இரண்டும் வார்ப்பு, உருக்கி ஊற்றுகிற வேலை. எனக்கு வேண்டியது அடித்து எழுப்புகிற வேலை. அது பாத்திரப் பட்டறைகளில் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஒரு சந்தில் டிங் டிங் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவர் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். என் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எழும்புற எடத்துலயே போட்டு அடிச்சிருக்கீங்க. அடிச்சா தகடு எங்க போகும்? மெலிஞ்சு பரவத்தான் செய்யும். பரவுனா இன்னும் எழும்பும்," என்றார். குடத்தின் வயிற்றைத் தடவிக் காட்டினார். "இது நீட்டுன எடம்." கழுத்தைக் காட்டினார். "இது சுருக்குன எடம். எது எங்கன்னு தெரியாம சுத்தியல எடுக்கவே கூடாது."

நான்கு ராத்திரி நான் செய்தது என்ன என்று அந்த நிமிடம் விளங்கியது. இரும்பு டாலியை அடியில் கொடுத்து மேலே சுத்தியலால் அடித்தால், இரண்டு இரும்புக்கும் நடுவில் தகரம் நசுங்கி மெலிகிறது, அகலமாகிறது. அகலமான தகரத்துக்கு இடம் பற்றாமல் எழும்புகிறது. எழும்பியதை மறுபடியும் அடித்தால் இன்னும் அகலமாகும். நான் ஒவ்வொரு அடியிலும் தகரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். வெறும் சொட்டையை எடுக்க வேண்டும் என்றால் டாலியை உள்ளே பள்ளத்துக்கு நேராக அழுத்திப் பிடித்து, சுத்தியலால் பள்ளத்தைச் சுற்றி எழும்பிய மேட்டில் மெதுவாகத் தட்ட வேண்டும். மேடு இறங்கும், பள்ளம் ஏறும், தகரம் மெலியாது. பெரியவர் பித்தளையைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்குகிறார். அதைப் பார்த்துவிட்டு வந்து இரும்புத் தகரத்தில் முழுசாகச் செய்யாதீர்கள், நெளிந்துவிடும். இரும்பில் சூடு எனக்கு உதவியது வேறு விதத்தில்: எழும்பி நிற்கும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் லேசாகத் தட்டி, உடனே ஈரத்துணியை வைத்தால் அந்த இடம் சுருங்கி இழுத்துக்கொள்ளும். பெரிய புள்ளியாகக் காய்ச்சக் கூடாது, அடுத்தடுத்தும் கூடாது.

எது எங்கே என்று தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த நல்ல வழி பழைய நியூஸ் பேப்பர். வலது பக்க மட்கார்டு நன்றாக இருந்ததால் அதன்மேல் பேப்பரை விரித்து, காந்தம் வைத்துப் பிடித்து, கையால் நீவினேன். பேப்பர் எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே தகரத்தைச் சுருக்க வேண்டும். எங்கே கிழிந்து விரிகிறதோ அங்கே நீட்ட வேண்டும். மடிப்பையும் கிழிசலையும் ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொண்டு, இடது பக்கத்துக்குத் தாளைத் திருப்பிப் போட்டு வெட்டினேன். மணல் பைக்கு முதலில் கடையில் இருந்த உரச்சாக்கில் மணல் போட்டேன், இருபது அடியில் பிரிந்து மணல் கொட்டியது. தவிலுக்குத் தோல் கட்டுகிற ஒருவரிடம் சொல்லிக் கனமான தோலில் ஒரு பை தைத்து வாங்கினேன். நன்றாகக் காய்ந்து சலித்த மணலை முக்கால் பை மட்டும் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் அது கல்.

மூன்றாவது துண்டை அடித்த ராத்திரி எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. பையின் மேல் தகரத்தைச் சாய்த்துப் பிடித்து, கொட்டாப்புளியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாக அடித்துக்கொண்டு போனேன். முதலில் வால்நட் ஓடு மாதிரி மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓரத்தில் மடிப்பு விழுந்த இடங்களில், புளியங்கட்டையின் மேல் வைத்து மடிப்பின் திறந்த பக்கத்தை முதலில் அடைத்து, பிறகு நுனியிலிருந்து உள்நோக்கித் தட்டினேன். மடிப்பு தனக்குள்ளேயே அமுங்கியது. அதன் பிறகு டாலி வைத்து லேசாக, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தட்டினேன். டாலியில் பொருந்தி விழும் அடி டிங் என்று கேட்கும். பொருந்தாத அடி டொப் என்று கேட்கும். அரத்தைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு இழுத்தால் மேடுகள் மட்டும் பளபளக்கும், பள்ளம் மங்கலாகவே நிற்கும். ஒரு மணிக்குத் துண்டைக் கொண்டுபோய் வண்டியில் வைத்தேன். உட்கார்ந்தது. இரண்டு மூலையிலும் தீக்குச்சி போகிற அளவு இடைவெளி, அவ்வளவுதான். வெளியே வந்து வாய்க்கால் மதகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

ஒட்டும்போது அதையும் கெடுக்கப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்ததில் நாலு அங்குலத்திலேயே தகரம் நெளிந்தது. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், பக்கத்தில் இருப்பதை இழுக்கும். பொட்டுப் பொட்டாக வையுங்கள். இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நடுவில் ஒன்று. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, அப்புறம் அடுத்தது. ஒன்றரை அடிக்கு எனக்கு மூன்று ராத்திரி ஆனது. சுருங்கிய வெல்டிங் தையலை டாலி வைத்து நேராக அடித்தால் கொஞ்சம் நீண்டு சமாதானமாகும். முன்பு எனக்கு எதிராக வேலை செய்த அதே அடி இங்கே உதவுகிறது.

கிரைண்டரின் கார்டை (டிஸ்க்கை மறைக்கிற தடுப்பு) கழற்றிவிட்டு வேலை செய்வது நம் பக்கத்தில் வழக்கம், செய்யாதீர்கள். கட்டிங் டிஸ்க் உடைந்து ஒரு சில்லு என் முகக் கவசத்தில் குத்தி நின்றது. கவசம் இல்லையென்றால் அது கண். பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்து வைத்து, உள்ளே இருக்கிற கார்ப்பெட்டையும் சீட்டையும் அகற்றிய பிறகே பொறி பறக்கிற வேலை. பக்கெட்டில் தண்ணீரும் மணலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

ரன்னிங் போர்டில் கை வைக்கும் முன் இன்னொன்று. பத்மினிக்குத் தனியாகச் சேஸிஸ் (அடியில் பாரம் தாங்குகிற இரும்புச் சட்டம்) கிடையாது, உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்கு அடியில் இருக்கும் அந்தப் பகுதியைத் துரு என்று மொத்தமாக வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும், அப்புறம் கதவு சாத்தாது. கதவு வாசலில் குறுக்கே ஆங்கிள் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கம். முதல் வேலையாக இதை எடுக்கவே கூடாது என்பேன். வெளித் தகட்டில் கை பழகிய பிறகு பார்க்கலாம்.

நம் ஊர்க் காற்றில் தேய்த்த தகரத்தை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அன்றைக்குத் தேய்த்ததற்கு அன்றைக்கே பிரைமர். பட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேடு பள்ளத்துக்கு அது வேண்டும். ஓட்டைக்கும் துருவுக்கும் மேல் அதைப் பூசுவதுதான் ஏமாற்று.

கணக்குப் பார்த்தால், பட்டறைக்குக் கொடுத்தது, பயன்படாத ஆர்க் மெஷின், ஜி.ஐ. ஷீட், ஆஸ்பத்திரி, பாழான இரண்டு ஷீட் எல்லாம் சேர்த்து 41,700 ரூபாய் வீணாகப் போனது. காலம் இரண்டு வருஷத்துக்கு மேல். பழைய வண்டியில் இறங்குபவர்கள் ஆர்.சி. தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நான் வேலையில் மூழ்கி அதைத் தவறவிட்டு அபராதம் கட்டினேன்.

இப்போது இடது மட்கார்டு முடிந்து, பிரைமரோடு நிற்கிறது. பானெட் ஓரம் பாக்கி, வலது ரன்னிங் போர்டு பாக்கி. போன வாரம் கதவுகளின் அடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மழைத்தண்ணீர் வெளியேறுவதற்குக் கதவின் அடியில் இருக்கிற சின்னத் துளைகளை எல்லாம் அந்தப் பட்டறையில் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கதவுக்குள்ளேயே நின்றிருக்கிறது. உங்கள் வண்டியிலும் இன்றைக்கே குனிந்து பாருங்கள். அப்பா ஒரு தென்னை ஈர்க்கைச் சீவிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு துளையாகக் குத்தினோம். கடைசித் துளையிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வடிந்தது.